ஆர் ஆருக்குக் குடுக்கவேணும்?

ஆங்கிலத்தில் "ஓ" (owe) என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது, ஒருவருக்கு ஒன்றைக் குடுக்கவேண்டியிருத்தல் என்று பொருள். எழுத்தில் மூன்று, வாயில் ஒன்று. நாங்கள் "ஓம்" என்பதைச் சுருக்கி நாள் முழுக்க "ஓ", "ஓ" என்று சொல்கிறோமே, அதே ஒலிதான். கடைக்காரனுக்குக் குடுக்கவேண்டிய மிச்சம், வீட்டு வாடகை, வராத சம்பளம், கேட்கவேண்டிய மன்னிப்பு, படிக்கவைத்த அக்காவுக்குப் பட்ட நன்றி என்று எல்லாவற்றையும் ஆங்கிலம் இந்த ஒரு சொல்லில்தான் ஏற்றுகிறது.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பின்னேரங்களில் வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். கடைகளில் நிற்கிறவர்கள், தாதியர், வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிற பிள்ளைகள், விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள் என்று பலரும் வருகிறார்கள். அவர்கள் எல்லாரும் சுற்றிக்கொண்டு போகிற ஒரு சொல் உண்டென்றால் அது இதுதான். "ஐ ஹாவ் டு கிவ் ஹிம் மணி" என்று சொல்லிச் சமாளிப்பார்கள். கேட்கிறவருக்கு விளங்கிவிடும், ஆனால் ஏன் குடுக்கவேண்டும் என்பது அந்த வசனத்தில் இல்லை. அன்பளிப்பாகவும் இருக்கலாம், தருமமாகவும் இருக்கலாம். வேறு வினைச்சொற்களில் பிழைவிட்டால் வசனம் கொஞ்சம் கோணலாக ஒலிக்கும், அவ்வளவுதான். இந்தச் சொல்லில் பிழைவிட்டால் கடன் குடுத்தவர் கடன்காரர் ஆகிவிடுகிறார். அதனால்தான் இதை ஆறுதலாக எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு தம்பி இணையம் வழியாக வேலை செய்தவர். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. முதலாளிக்கு மின்னஞ்சல் எழுதி, அனுப்ப முதல் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "ரீச்சர், இதில பிழை ஏதும் இருக்கோ?" மரியாதையான கடிதம். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. நடுவில் இந்த வசனம் இருந்தது: "ஐ ஓ யூ டூ மந்த்ஸ் சலரி."

இலக்கணப்படி இந்த வசனத்தில் பிழையே இல்லை. கணினியும் சிவப்புக் கோடு போடாது. ஆனால் அது சொல்வது, "நான் உங்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் தரவேணும்" என்று. உழைத்தவர் தன் கையாலேயே தன்னைக் கடனாளி என்று எழுதியிருந்தார். அவர் எழுத நினைத்தது "யூ ஓ மீ டூ மந்த்ஸ் சலரி."

கெட்டிக்காரப் பிள்ளை. தமிழில் நன்றாக எழுதுகிறவர். அப்படிப்பட்டவருக்கு இது ஏன் தலைகீழாக வந்தது? அவர் மனதில் ஓடிய தமிழ் வசனத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். "எனக்கு ரெண்டு மாதச் சம்பளம் தர இருக்கு." இதில் முதல் சொல் "எனக்கு". தரவேண்டியவர் யார் என்று வசனத்தில் இல்லவே இல்லை. தமிழில் அது தேவையும் இல்லை, கேட்கிறவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வசனம் நிற்காது. எழுவாயைத் தேடும்போது முன்னால் நிற்கிற "எனக்கு" என்பதே கைக்கு அகப்படுகிறது. அது "ஐ" ஆகிவிடுகிறது. "எனக்குப் பசிக்குது", "எனக்குத் தெரியும்", "எனக்கு ரெண்டு பிள்ளையள்" என்பவற்றை எல்லாம் "ஐ" போட்டுத் தொடங்கித்தானே பழகியிருக்கிறோம்? அங்கெல்லாம் அது சரியாக வந்தது. இங்கே மட்டும் அந்தப் பழக்கம் ஆளைக் கவிழ்த்துவிடுகிறது.

கடன்பட்ட நிலையைச் சொல்ல எங்களிடமும் வழிகள் நிறைய உண்டு. பேச்சில் பெரும்பாலும் குடுக்கிற வினையைத்தான் எடுக்கிறோம், அதிலும் இரண்டு வினை. நான் உங்களுக்குத் தரவேணும். நீங்கள் எனக்குத் தரவேணும். நான் அவருக்குக் குடுக்கவேணும். பெறுகிறவர் நானாகவோ நீங்களாகவோ இருந்தால் "தா". பெறுகிறவர் மூன்றாம் ஆளாக இருந்தால் "குடு". இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை, தாய்மொழியோடு வந்தது. ஆனால் தொல்காப்பியம் இதைக் கண்டு விதியாகவே எழுதி வைத்திருக்கிறது: தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு. காசு எந்தப் பக்கம் போகிறது என்பதை எங்கள் வினைச்சொல்லே காட்டிவிடுகிறது. வினை காட்டுவதால்தான் ஆளைச் சொல்லாமல் விடவும் முடிகிறது.

ஆங்கிலத்தின் "ஓ" அப்படித் திசை காட்டாது. அதற்கு எல்லாமே ஒன்றுதான். யார் முன்னால், யார் பின்னால் என்ற இடம் மட்டுமே திசையைச் சொல்லும். ஆகவே நான் வகுப்பில் மற்ற எல்லா விதிக்கும் முதல் சொல்வது இது: "ஓ" என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பவர் எப்போதும் குடுக்கவேண்டியவர். எப்போதும். கேள்வியிலும் அப்படித்தான், மறுப்பிலும் அப்படித்தான். "டு யூ ஓ ஹிம் எனிதிங்?" என்றால் நீங்கள் அவருக்கு ஏதும் குடுக்கவேண்டுமோ என்று கேட்கிறார்கள். "ஹி டசின்ட் ஓ மீ எ சென்ற்" என்றால் அவர் எனக்கு ஒரு சதமும் தரத் தேவையில்லை.

பின்னால் வருவதில் இரண்டு ஒழுங்கு உண்டு. ஆளை முதலில் சொன்னால் நடுவில் ஒன்றும் வேண்டாம்: "ஐ ஓ ஹிம் டென் தௌசண்ட் ருபீஸ்." காசை முதலில் சொன்னால் ஆளுக்கு முன்னால் "டு" வேண்டும்: "ஐ ஓ டென் தௌசண்ட் ருபீஸ் டு தி பாங்க்." எங்கள் "அவருக்கு" என்பதிலுள்ள "கு"வை எப்படியாவது கொண்டுவர வேண்டும் என்ற எண்ணத்தில் "ஐ ஓ டு ஹிம் டென் தௌசண்ட்" என்று எழுதுவது இங்கே வெகு சாதாரணம். அந்த "டு" அங்கே தேவையில்லை.

அப்படியானால் "எனக்கு வரவேணும்" என்று எனக்கு முதலிடம் குடுத்துச் சொல்ல ஆங்கிலத்தில் வழியே இல்லையா? இருக்கிறது. "ஐ ஆம் ஓட் டூ மந்த்ஸ் சலரி." செயப்பாட்டு வினை. குடுக்கவேண்டியவர் யார் என்று சொல்லாமலே எனக்கு இவ்வளவு வரவேண்டியிருக்கிறது என்று சொல்லும் வசனம் இது. எங்கள் "எனக்குச் சம்பளம் வர இருக்கு" என்பதற்கு இவ்வளவு கிட்ட வரும் வசனம் ஆங்கிலத்தில் வேறில்லை என்பது என் எண்ணம். "ஐ ஓ", "ஐ ஆம் ஓட்" என்ற இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு சின்ன "ஆம்", முடிவில் ஒரு "ட்". அந்த இரண்டு ஒலியில்தான் கடன்காரரும் கடன் குடுத்தவரும் பிரிகிறார்கள். எழுதும்போது கவனம், பேசும்போது அதைவிடக் கவனம்.

அந்தத் தம்பி கடைசியில் எழுதியது "ஐ ஆம் ஸ்டில் ஓட் மை சலரி ஃபோர் டூ மந்த்ஸ்" என்று. "யூ ஓ மீ" என்று முகத்துக்கு நேரே எழுத அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் கூச்சம் எனக்கு விளங்குகிறது. எங்கள் ஊரில் குடுத்த காசைத் திருப்பிக் கேட்பதே ஒரு பெரிய வேலை. "அந்த விசயம் ஒருக்காப் பாருங்கோ அண்ணை" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். காசு என்ற சொல்லே வாயில் வராது. ஆனால் உழைத்த சம்பளத்தைக் கேட்பது வேறு. அதைக் கேட்கிற வசனம் ஒருவரிடம் இல்லாமல் போகக்கூடாது. "யூ ஓ மீ" என்பது ஆங்கிலத்தில் வசைமொழி அல்ல, நேரான பேச்சு. இன்னும் பணிவாக எழுத விரும்புகிறவருக்கு "தி அமவுண்ட் ஓயிங் டு மீ இஸ்" என்று தொடங்கித் தொகையைப் போடும் அலுவலக நடையும் இருக்கிறது.

இந்த "ஓயிங்" என்பதைப் பார்த்துவிட்டு "ஐ ஆம் ஓயிங் ஹிம் மணி" என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். எழுதவேண்டாம். கடன் வாங்குவது ஒரு நாள் நடந்து முடிகிற செயல். "ஓ" என்பது அதற்குப் பிறகு தொடர்கிற நிலை, தீர்க்கிற நாள்வரை அப்படியே நிற்கும். தெரிந்திருத்தல், உடைமையாக வைத்திருத்தல், ஒருவருக்கு உரியதாக இருத்தல் போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகளை ஆங்கிலம் வழக்கமாக "இங்" போட்டு ஓடவிடுவதில்லை. மூன்று வருசமாக இன்னும் தீராமல் இருக்கிற கடனுக்கும் "ஐ ஹாவ் ஓட் ஹிம் திஸ் மணி ஃபோர் திரீ இயர்ஸ்" என்பதுதான் வசனம். வெறும் இறந்தகாலத்தில் "ஐ ஓட் ஹிம்" என்று விட்டால் கேட்கிறவர் அது தீர்ந்துபோன கதை என்று எண்ணிக்கொள்ளக்கூடும். வங்கி முகாமையாளருக்கு எழுதும் கடிதத்தில் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

கடன் வாங்குவதற்கும் கடன் குடுப்பதற்கும் உள்ள "பொறோ", "லெண்ட்" குழப்பம் எல்லாருக்கும் தெரிந்தது, அதில் நிற்கப்போவதில்லை. அந்த இரண்டு சொல்லோடு சேர்த்து "ஓ"வைப் படிப்பிக்கும் வழக்கத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லவேண்டும். ரியூசன் கொப்பிகளில் இந்த மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதனால் பிள்ளைகள் "ஓ" என்றால் கைநீட்டிக் காசு வாங்கியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கனடாவிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்த பெடியன் நல்லூர்க் கோவிலடியில் ஓட்டோவை விட்டு இறங்கி "ஹவ் மச் டு ஐ ஓ யூ?" என்று கேட்கிறான் என்றால் அவன் கடனைப் பற்றிப் பேசவில்லை. "எவ்வளவு அண்ணை?" என்கிறான். மரக்கறிக் கடையில், சலூனில், மருந்துக்கடையில் எங்கும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்வி அது. ஒரு சேவையைப் பெற்ற கணத்திலிருந்து காசைக் குடுக்கிற கணம்வரை ஆங்கிலக்காரருக்கு அது "ஓ"தான், அரை நிமிடமானாலும். வாடகைக்கும், இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டவேண்டிய வரிக்கும், நீதிமன்றம் விதித்த நட்டஈட்டுக்கும் அதே சொல்.

எங்களுக்கோ கடன் என்றால் ஒரே கடன் இல்லை. கைமாற்று வேறு. அது நாளைக்கோ சம்பளத்தன்றோ திரும்பிவிடும், வட்டி இல்லை, எழுத்து இல்லை. கடைக்கொப்பியில் எழுதிவைப்பது வேறு. நகையை அடைவு வைப்பது வேறு. சீட்டை முதலே எடுத்துவிட்டு மாதாமாதம் கட்டுவது வேறு. அறாவட்டி வேறு, அந்தச் சொல்லிலேயே அதன் கொடுமை இருக்கிறது. காணியை ஈடு வைப்பது ஒன்று, ஒற்றி வைப்பது இன்னொன்று. 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமையில் ஒற்றிக்கு இடம் இருக்கிறது. காசு குடுத்தவர் வட்டி வாங்கமாட்டார், வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை எடுப்பார், காசு திரும்பியதும் காணி உரியவரிடம் போகும். இதில் யார் யாருக்கு "ஓ"? வகுப்பில் சட்டம் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி, நல்ல கேள்வி. காணிக்காரர் முதற்பணத்தை மட்டும் "ஓ" பண்ணுகிறார், வட்டியை "ஓ" பண்ணுவதில்லை. "ஹி ஓஸ் தி பிறின்சிபல், பட் ஓஸ் நோ இன்றறெஸ்ட்." ஒற்றி என்ற சொல்லை மொழிபெயர்க்கத் தேவையில்லாமலே அதன் உட்பொருளை இந்த வினைச்சொல் எடுத்துவைத்துவிட்டது. எங்கள் சொல் கடன் எப்படிப்பட்டது என்பதைச் சொல்கிறது. அவர்கள் சொல் யார், யாருக்கு, எவ்வளவு என்பதை மட்டும் கேட்கிறது.

இதை எழுத்தில் வைக்கும்போது சட்டமும் வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் "ஐ.ஓ.யு." என்ற மூன்றெழுத்துத் துண்டு ஒன்று உண்டு. அது எதன் சுருக்கமும் இல்லை, "ஐ ஓ யூ" என்ற ஒலியை அப்படியே எழுத்தாக்கியது. இன்ன தொகை உங்களுக்குத் தரவேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் துண்டு. எப்போது தருவேன் என்று வாக்குக் குடுப்பது புரோநோட்டின் வேலை. இலங்கையில் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுத்திலுள்ள கடனுக்கு வழக்குப் போட 6 ஆண்டு இருக்கிறது. வாய்ப்பேச்சில் நின்ற கடனுக்கு 3 ஆண்டுதான். கடன்காரர் கையெழுத்திட்டு அந்தக் கடனை மறுபடி ஏற்றுக்கொண்டால் அந்த எழுத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பு உண்டு. ஆகவே "ஐ ஓ யூ" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கிறவர் தான் எழுதுவது எந்தப் பக்கத்து வசனம் என்று தெரிந்துதான் வைக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசுக்குக் காணி வாங்கிக் குடுத்த கணக்கை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டு இங்கே எத்தனையோ பேருக்குக் கடிதம் வருகிறது. அண்ணன் தம்பிக்குள்தானே என்று ஒரு வசனத்தை மாறி எழுதிவிட்டால் பிறகு பிள்ளைகள் காலத்தில் அதை வாசிக்கிறவர்கள் அந்த எழுத்தைத்தான் வாசிப்பார்கள்.

கணக்கை விட்டு மனதுக்கு வருவோம். எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனது இந்தப் பக்கத்தால்தான்.

இதன் பழைய ஆங்கில வேர் "வைத்திருத்தல், உடைமையாகக் கொள்ளல்" என்ற பொருள் கொண்டது. உடைமையைச் சொல்லும் "ஓன்" என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட "ஓ" என்பதை "உடையவராய் இருத்தல்" என்ற பொருளில் எழுதினார்கள். "செய்யவேண்டும்" என்ற கட்டாயத்தைச் சொல்லும் "ஓட் டு" (ought to) இருக்கிறதே, அது இதே வினையின் பழைய இறந்தகால வடிவம். உடைமை, கடன், கடமை என்று மூன்றும் ஒரு குடும்பம். எங்களிடம் அதே குடும்பம் இன்னும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. கடன், கடமை, கடப்பாடு. சோழர் கல்வெட்டில் கடமை என்றால் நிலவரி. "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று அப்பர் பாடியபோது அதில் காசு இல்லை. புறநானூற்றுத் தாய் "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்றபோதும் இல்லை. ஆனால் இன்றைய பேச்சில் கடன் என்றால் காசு என்று சுருங்கிவிட்டது. அந்தச் சுருங்கிய பொருளை வைத்துக்கொண்டு "ஓ"வைப் பார்ப்பதால்தான் பிள்ளைகள் "யூ ஓ ஹேர் ஆன் அப்பொலஜி" என்ற வசனத்தில் தடுமாறுகிறார்கள். நீ அவவிட்ட மன்னிப்புக் கேக்கவேணும், அவ்வளவுதான். ஆங்கிலம் அதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறது: அந்த மன்னிப்பு அவவுக்கு உரியது, உன் கையில் தங்கியிருக்கிறது, இன்னும் போய்ச் சேரவில்லை. விளக்கம், பதில், ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு நேரச் சாப்பாடு, எதையும் இப்படிச் சொல்லலாம். "ஐ ஓ யூ ஆன் எக்ஸ்பிளனேஷன்." "ஐ ஓ ஹிம் எ லெற்றர்."

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வாசல் இருக்கிறது. உள்ளே போனால் பொருள் வேறு. "ஐ ஓ மை எஜுகேஷன் டு மை சிஸ்ரர்." அக்காவாலதான் நான் படிச்சனான். இங்கே நான் அக்காவுக்கு என் படிப்பைத் தூக்கிக் குடுக்கப்போவதில்லை. என் படிப்புக்குக் காரணம் அவ என்கிறேன். இந்தப் பொருளில் பாதுகாப்பான ஒழுங்கு ஒன்றுதான்: கிடைத்தது முதலில், பிறகு "டு", பிறகு ஆள். "ஐ ஓ மை சிஸ்ரர் மை எஜுகேஷன்" என்று திருப்பினால் கேட்கிறவர் ஒரு கணம் தயங்குவார். காசு விசயத்தில் இரண்டு ஒழுங்கும் ஒன்றுதானே என்று பழகினவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது.

எங்கள் ஊரில் இந்த வசனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு, நினைவுமலர். முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் அந்தப் புத்தகத்தில் இப்போது பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பக்கங்களும் வருகின்றன. அவற்றைத் திருத்தித் தரச்சொல்லி என்னிடம் கொண்டுவருகிறார்கள். கடைசிப் பக்கத்தில் "நன்றி நவிலல்" என்று தமிழில் இருப்பதன் கீழே "வீ ஓ அவர் தாங்ஸ் டு ஓல்" என்று இருக்கும். பிழை என்று சொல்லமுடியாது. ஆனால் நன்றியை "ஓ" பண்ணுகிறோம் என்றால் அது இன்னும் சொல்லப்படாமல் நிலுவையில் இருக்கிறது என்ற நிழல் விழும். நன்றி சொல்கிற பக்கத்தில் நன்றியைச் சொல்லிவிடுவதுதான் முறை. "வீ தாங்க்" என்று நேரே எழுதிவிடுங்கள் என்பேன். அதே புத்தகத்தில் மூத்த மகள் எழுதிய நினைவுக் குறிப்பில், அப்பா காணியை விற்றுப் படிப்பித்ததைச் சொல்லும் இடத்தில், "ஐ ஓ எவ்ரிதிங் ஐ ஆம் டு ஹிம்" என்று வந்தால் அதில் ஒரு எழுத்தைக்கூடத் தொடமாட்டேன். "டெற் ஒஃப் கிறற்றிற்றியூட்" என்று அவர்களும் சொல்கிறார்கள், எங்கள் நன்றிக்கடன் அப்படியே அங்கேயும் இருக்கிறது. இங்கே போகிறபோக்கில் ஒன்று: "டெற்" என்ற சொல்லில் எழுதப்படும் "பி" என்ற அந்த ஊமை எழுத்தைப் பற்றிப் பிள்ளைகள் எப்போதும் கேட்பார்கள். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது இல்லை. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் பிறகு சேர்த்தார்கள். வாய் அதை ஏற்கவில்லை, எழுத்தில் மட்டும் நின்றுவிட்டது.

உறவுக்குள் இந்தச் சொல்லை எங்கே வைப்பது என்பது இலக்கணத்தில் அடங்காத கேள்வி. லண்டனிலுள்ள சித்தி பல்கலைக்கழகச் செலவுக்குக் காசு அனுப்புகிறா. பிள்ளை பட்டம் பெற்றதும் "சித்தி, ஐ ஓ யூ எ லொட்" என்று செய்தி அனுப்புகிறது. அங்கே வளர்ந்த மச்சாள் அதை வாசித்தால் அழகான நன்றி என்று எடுத்துக்கொள்வா. சித்தி வாசித்தால்? "என்னடா, என்னட்டக் கடனே பட்டனீ?" என்று அவவுக்கு மனம் கொஞ்சம் நோகக்கூடும். தாய் பிள்ளைக்குள், பெரியம்மா சித்திக்குள் கணக்கு வைப்பதே எங்களுக்குப் பிடிக்காது, கணக்கு இருந்தாலும்கூட. "கடமைப்பட்டிருக்கிறேன்" என்று தமிழில் சொன்னால் அது மேடைப்பேச்சு ஆகிவிடும், வீட்டுக்குள் அது செல்லாது. ஆங்கிலத்தில் நண்பர்கள் "ஐ ஓ யூ ஒன்" என்று விளையாட்டாய்ச் சொல்லிக்கொள்வார்கள். நீ செய்த உதவிக்கு நானும் ஒன்று செய்வேன் என்ற சினேகம் அதில் இருக்கிறது. அந்த இலேசு தமிழுக்கு வரும்போது கனத்துவிடுகிறது. ஆகவே சித்திக்கு எழுதுவதைச் சித்தியின் மொழியில் எழுதுங்கள். "நீங்கள் இல்லாட்டி நான் படிச்சிருக்கமாட்டன் சித்தி" என்றால் போதும். மச்சாளுக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது "ஐ ஓ யுவர் மம் எ லொட்" என்று தாராளமாக எழுதலாம். இரண்டும் உண்மை. வாசிக்கிறவர் வேறு.

நான் வகுப்பில் இந்தச் சொல்லுக்குக் கடைசியாக எடுப்பது "யூ ஓ இட் டு யுவர்செல்ஃப்" என்ற வசனம். இதைத் தமிழில் சொல்ல முயன்றால் பிள்ளைகள் "உங்களுக்கே நீங்கள் கடன்பட்டிருக்கிறீங்கள்" என்று எழுதுவார்கள். கேட்கவே ஒட்டாது. உங்களுக்காக நீங்கள் இதைச் செய்தே ஆகவேண்டும், செய்யாமல் விட்டால் உங்களுக்கு நீங்களே அநியாயம் செய்தவர் ஆவீர்கள் என்பது பொருள். "இட் டு" என்பதற்குப் பிறகு ஆள், அதற்குப் பிறகு "டு" போட்டுச் செயல்: "யூ ஓ இட் டு யுவர்செல்ஃப் டு றெஸ்ட்." ஆளை மாற்றினால் "வீ ஓ இட் டு அவர் சில்றன் டு கீப் தி வெல்ஸ் கிளீன்" என்று ஊருக்கும் பொருந்தும். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த கதை தெரிந்தவர்களுக்கு அந்த வசனத்தை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை.

அந்த முதல் வடிவத்தில் ஆளுக்கொரு வசனம் எழுதச் சொன்னால், ஆண்கள் கெதியாக எழுதிவிடுவார்கள். உடற்பயிற்சி, புது வேலை, இன்னும் படிப்பது என்று எழுதுவார்கள். பெண்கள் நிறைய நேரம் எடுப்பார்கள். மாமியைப் பார்க்கிறவர்கள், பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர்கள், விடிய நாலு மணிக்கு எழும்புகிறவர்கள். "ஐ ஓ இட் டு மை சில்றன்", "ஐ ஓ இட் டு மை மதர்" என்று எழுதித் தருவார்கள். நல்ல வசனங்கள். நான் அவற்றுக்குச் சரி போட்டுவிட்டு, கடைசிச் சொல்லை மட்டும் "மைசெல்ஃப்" என்று மாற்றி இன்னொன்று எழுதுங்கோ என்று கொப்பியைத் திருப்பிக் குடுப்பேன். ஒருவர் "ரீச்சர், எனக்கெண்டு என்னத்தை எழுதிறது?" என்று கேட்டா. பக்கத்திலிருந்த தாதி அக்கா "நித்திரை எண்டு எழுதும்" என்றா. அவ எழுதினா. இலக்கணம் சரியாகவே இருந்தது.